பந்தாடிப் பின் பயிற்றிய ஒரு மொழியாசிரியர்: யோன் வூடன் வரலாறு

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியனாதலின் சங்கச் செய்யுளையோ மாதோட்டத்தின் பழமையையோ குறித்து எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். மாதோட்டத்தைப் பற்றியும் திருக்கேதீச்சரத்தைப் பற்றியும் என்னினும் கற்றறிந்தோர் பலகால் எழுதியுள்ளனர், இம்மலரிலும் எழுதியிருப்பர். யானோ கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுகின்றேன். அவர் நம் நாட்டினருமல்லர், நம் மொழியினருமல்லர். ஆயினும், பகலில் வகுப்பறையில் மொழியும் இலக்கியமும் கற்பித்து, மாலையில் அதே மாணாக்கர்க்குப் பந்தாட்டம் பயிற்றியவர் என்னும் ஓர் ஒற்றுமையால் அவர் வரலாறு எனக்கு மிகவும் அணுக்கமாயிற்று.

ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்துச் சான்றிதழுடன் பணியேற்ற காலத்தில் எனக்குப் பந்தாட்டம் யாதும் தெரியாது. உதைபந்தாட்டமாயின் மன்னாரிற் பிறந்தவன் எவனும் தெரியாதென்று சொல்ல நாணுவான். கடற்கரை மணலில் ஓடாத கால் இத்தீவில் இல்லை. கூடைப்பந்தோ வேறு. பணியேற்ற இரண்டாந் தவணையில், மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரு பந்தையும் ஒரு விசிலையும் என் மேசைமேல் வைத்து, "சேர், நீங்கள்தான் இளந்தாரி, இந்தப் பொடியளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். அவர் நகைச்சுவையாகச் சொன்ன அவ்வார்த்தை இன்றளவும் என் கழுத்தில் விசிலாகத் தொங்குகின்றது. விதி நூல் தேடிப் படிக்கும்பொழுதுதான் வூடன் என்னும் பெயர் முதன்முதல் என் கண்ணிற் பட்டது.

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஆட்டத்தின் பிறப்பைச் சிறிது அறிதல் வேண்டும். 1891 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், உடற்கல்வி ஆசிரியரான ஜேம்ஸ் நெயிஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாது முரண்டு பிடித்த மாணவரை அடக்கும் பொருட்டு இவ்வாட்டத்தைக் கண்டுபிடித்தார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தில் அறைந்தார். பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். கூடையின் அடி அறுக்கப்படாமையால், பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏறி எடுத்துத் தரவேண்டியிருந்தது. கிறித்துவ வாலிபர் சங்கத்தார் வாயிலாக ஆட்டம் உலகெங்கும் பரந்தது. அச்சங்கத்தின் சார்பில் ஹரி பக் என்பார் 1920 இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியொன்றை நிறுவினார். நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டமும் இதன் வழித்தோன்றலே. முரண்டு பிடிக்கும் வகுப்பொன்றை அடக்க முயன்ற ஆசிரியரின் தவிப்பிலிருந்து உலக விளையாட்டொன்று பிறந்தது என்பதை எண்ணுந்தோறும், பத்தாந் தரத்து மூன்றாம் பாடவேளை எனக்கு நினைவுக்கு வரும்.

யோன் வூடன் 1910 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14 ஆந் திகதி இந்தியானா மாநிலத்திலே பிறந்தார். தந்தையார் சிறு விவசாயி. மின்விளக்கும் குழாய்நீரும் இல்லாத பண்ணைவீடு, சகோதரர் நால்வர். வைக்கோல் அடையும் களஞ்சியத்துச் சுவரில், அடியறுத்த தக்காளிக் கூடையொன்றைத் தந்தையார் அறைந்து கொடுத்தார். பழங் காலுறையினுள் கந்தைத் துணியை அடைத்துத் தாயார் பந்து தைத்துக் கொடுத்தார். அப்பந்து நிலத்தில் மோதி எழும்பாது. ஆதலின் தட்டிச் செல்லும் வித்தைக்கு முன்னே எறியும் வித்தை அவருக்குக் கைவந்தது போலும். வாழைச்சருகுப் பந்தும் தென்னோலைப் பந்தும் ஆடி வளர்ந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பண்ணை நிலைக்கவில்லை. தந்தையார் கடன்பட்டுப் பன்றிகள் வாங்கினார். அவற்றுக்கு ஏற்றிய தடுப்பு மருந்து பழுதாயிருந்தமையின் அவை மடிந்தன. பின் மழையும் பொய்த்தது. நிலம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் மாட்டின்ஸ்வில் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. இவ்வளவு நேர்ந்தும் தந்தையார் மருந்து விற்றவரையும் வானத்தையும் ஒரு சொல்லேனும் நொந்துரைத்திலர் என மகன் பிற்காலத்துப் பலமுறை நினைவு கூர்ந்துள்ளார். பிறந்த மண்ணை விட்டு ஒருமுறையேனும் பெட்டி கட்டிய குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய குடும்பத்துப் பிள்ளை, முறையிடாத தந்தையை நினைவிற் கொண்டு வளர்ந்தான் என்னும் செய்தி, வேறெந்த வெற்றிச் செய்தியினும் என் மாணவர் உள்ளத்தைத் தொட்டதை வகுப்பிற் கண்டிருக்கின்றேன்.

மாட்டின்ஸ்வில் ஊரின் பள்ளியாட்ட மண்டபத்தில் 5,200 பேர் அமரலாம். ஊரின் அக்கால மக்கள்தொகையோ அதனினுங் குறைவாயிருந்தது. அம்மாநிலத்தார்க்குக் கூடைப்பந்தின்மீது இருந்த பற்று அத்தகையது. வூடனின் பள்ளி 1926, 1927, 1928 ஆகிய மூவாண்டும் மாநில இறுதியாட்டத்தை அடைந்து, 1927 இல் வென்றது. 1928 இல் ஆட்டம் முடியுந் தறுவாயில் எதிரணியினன் உயர எறிந்த பந்து கூடையில் வீழ்ந்தமையால் ஒரு புள்ளியால் தோற்றது. 13 இற்கு 12 என்பது எண்ணிக்கை. இக்காலத்து இளைஞர் இவ்வெண்களைக் கண்டு சிரிப்பர். அக்காலத்தில் ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் நடுவட்டத்துக்குத் திரும்பிப் பந்தை மேலெறிந்தே ஆட்டத்தைத் தொடங்கினர் என்பதை அறியின் சிரிக்கமாட்டார். அவ்விதி 1937 ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது.

பின்னர் பேர்டியூ பல்கலைக்கழகத்திலே வோட் லம்பேட் என்னும் பயிற்றுநரிடம் ஆடினார். 1930, 1931, 1932 ஆகிய மூவாண்டும் அகில அமெரிக்க அணிக்குத் தெரிவானார். ஐந்தடிப் பத்தங்குலமே உயரம். ஆயினும் பந்தைத் துரத்தி நிலத்தில் வீழ்வதும் வீழ்ந்தவாறே துள்ளியெழுவதும் கண்டு, இறப்பர் மனிதர் என்று பட்டம் சூட்டினர். அவர் கற்ற பாடம் பொறியியலன்று, ஆங்கில இலக்கியம். படிப்பிலுஞ் சிறந்தமைக்கான பதக்கமும் பெற்றார். விளையாட்டில் மிக்கோர் படிப்பில் மிகார் என்னும் எண்ணம் ஆசிரியர் அறைகளில் நெடுநாள் குடியிருந்து வருவது. அதனை இவர் போன்றோரைக் காட்டியே வெளியேற்றல் வேண்டும்.

பட்டம் பெற்ற 1932 ஆம் ஆண்டு உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுப்பகுதி. அப்பொழுது புகழ்பெற்ற செல்ற்றிக்ஸ் குழுவினர், ஊரூராய்ச் சென்று தம்முடன் ஆடுவதற்கு ஆண்டொன்றுக்கு 5,000 டொலர் தருவதாக அழைத்தனர். ஆசிரியர் வேலைக்கு அக்காலத்தில் கிடைத்ததோ 1,500 டொலர். லம்பேட்டிடம் ஆலோசனை கேட்டபொழுது, எதனைப் பெறுவதற்காக இங்கு வந்தாய், அதனைப் பயன்படுத்தப் போகின்றாயா என்னும் பொருள்பட அவர் திருப்பிக் கேட்டனராம். வூடன் கென்ரக்கி மாநிலத்து டேற்றன் என்னும் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானார். திருமணத்துக்குச் சிலநாள் முன்னர் வங்கி முறிந்து, சேமித்த பணம் 900 சொச்சம் டொலரும் போயிற்று. இரவல் வாங்கியே 1932 ஓகஸ்ட் 8 ஆந் திகதி, பள்ளிக் காலந்தொட்டு நேசித்த நெல் என்னும் பெண்ணை மணந்தார்.

டேற்றன் பள்ளியில் அவருடைய முதலாண்டு அணி ஆறு ஆட்டங்களில் வென்று பதினொன்றில் தோற்றது. அவர் வாழ்நாளில் தோல்வி மிகுந்த ஆண்டு அஃதொன்றே. நல்லாட்டக்காரர் எல்லாம் நற்பயிற்றுநர் ஆகார் என்பதற்கு அவ்வாண்டே சான்று. தனக்கு இயல்பாய் வந்தது பிறர்க்கு ஏன் வரவில்லை என்று வியப்பதும், வியப்புச் சினமாய் மாறுவதும் வல்லோர் பலரின் குறை. யாப்பிலக்கணத்தில் ஊறிய புலவர் ஒருவர் ஏழாந் தரத்துக்கு அசை பிரிக்கக் கற்பிக்கும்பொழுது நேரும் விபத்தும் இதுவே. வூடன் தம் குறையை அறிந்து, இரண்டாம் ஆண்டிலே தம்மைத் திருத்திக்கொண்டார்.

1934 இல் சவுத் பென்ட் நகரத்து மத்திய உயர்பள்ளிக்கு மாறினார். அங்கே ஆங்கிலம் கற்பித்தார். கூடைப்பந்தும் வேறு ஆட்டங்களும் பயிற்றினார். பதினோராண்டுப் பள்ளிப் பணியில் அவர் அணிகள் 218 ஆட்டங்களில் வென்று 42 இல் தோற்றன. தொழில்முறை ஆட்டக்காரராக அவர் விளங்கியதும் இந்த 1930களிலேதான். இற்றை நாளைப்போல் கோடிக்கணக்கிற் பொருள் புரளுந் தொழிலன்று அது. அணிகளின் பெயர்கள் பலசரக்குக் கடைக்காரரையும் ஆலைகளையும் சார்ந்திருந்தன. இந்தியானாபொலிஸ் நகரத்து மளிகை வணிகர் பிராங் கவுற்ஸ்கி தம் பெயரால் நடத்திய அணியிலும், பின் வைற்றிங், ஹமண்ட் ஆகிய ஊர்களின் அணிகளிலும் வூடன் ஆடினார். வெள்ளிவரை வகுப்பு, வாரவிறுதியில் மோட்டார் வண்டியிற் பனிவீதி கடந்து ஆட்டம், திங்கட்கிழமை காலை மீண்டும் கரும்பலகை. ஆட்டமொன்றுக்கு 50 டொலர் அளவிற் கிடைத்தது.

பிள்ளைகள் பிறீ துறோ என்று சொல்லும் தனியெறிவில், ஒன்றுந் தவறாது தொடர்ந்து 134 முறை பந்தைக் கூடையிலிட்டார் என்பது அக்காலச் சாதனை. நூறாவது எறிவு வீழ்ந்தவுடன் மளிகைக்காரர் ஆட்டத்தை நிறுத்தி 100 டொலர் தாளொன்றை அவரிடம் நீட்டியதாகவும், பார்வையாளரிடையே இருந்த மனைவி நெல் இறங்கிவந்து அதனை வாங்கிக்கொண்டதாகவும் கூறுவர். ஆசிரியர் வீட்டு வரவுசெலவு அறிந்தோர் நெல் அம்மையாரைக் குறை கூறார்! 1937 இல் தேசிய கூடைப்பந்துக் கூட்டமைப்பு தோன்றியபொழுது, அதன் முதலாண்டுச் சிறந்த அணியில் வூடனின் பெயரும் இடம்பெற்றது. நாட்செல்ல ஆடுவதை விட்டார், கற்பிப்பதை விட்டாரல்லர்.

சவுத் பென்டில் இருந்தபொழுதே, பெற்றோர் சிலரின் போக்கு அவரை வருத்தியது. அயல்வீட்டுப் பிள்ளைக்கு நடுத்தரப் புள்ளி கிடைத்தாற் போதுமென்போர், தம் பிள்ளைக்கு அதுவே கிடைப்பின் பிள்ளையையோ ஆசிரியரையோ பழித்தனர். புள்ளியன்றி வேறொன்றால் வெற்றியை அளக்க இயலாதா என்று சிந்தித்த அவர், தன்னால் இயன்ற அளவு முழுதும் முயன்றேன் என்று தன் நெஞ்சறிய ஒருவன் பெறும் அமைதியே வெற்றி என்னுங் கருத்தில் 1934 இல் ஒரு வரைவிலக்கணம் எழுதினார். அதனை விளக்கப் பதினைந்து கட்டைகளாலான கூம்பகப் படமொன்றை ஏறத்தாழப் பதினான்காண்டு திருத்தித் திருத்தி அமைத்தார். பிற்காலத்தில் அப்படம் வணிகர் கூட்டங்களில் எல்லாம் தொங்கவிடப்பட்டுச் சற்றே மலிந்துபோயிற்று. அது பிறந்த இடம் பெற்றோர் கூட்டம் என்பதை அறிந்தபின்னரே எனக்கு அதன்மேல் மதிப்பு வந்தது. புலமைப்பரிசிற் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் நம் ஊரில் அடிபடும் பிள்ளைகளை யார் மறப்பர்?

இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணியாற்றினார். பசுபிக் கடலிற் சென்ற பிராங்ளின் என்னுங் கப்பலுக்குச் செல்லவேண்டிய வேளையில் குடல்வால் அழற்சி வந்தமையாற் கரையில் நின்றார்; அவர்க்கீடாகச் சென்ற நண்பர் ஜப்பானியர் தாக்குதலில் உயிர்துறந்தார். 1946 இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரிக்குப் பயிற்றுநரானார். இங்குதான் அவர் வாழ்வில் யான் பெரிதென மதிக்கும் நிகழ்ச்சி நேர்ந்தது.

அவர் அணியிலே கிளாரென்ஸ் வோக்கர் என்னும் கறுப்பின மாணவர் இருந்தார். சிறு கல்லூரிகளுக்கான தேசியச் சுற்றுப்போட்டி கன்சாஸ் நகரில் நடப்பது வழக்கம். 1947 இல் அணிக்கு அழைப்பு வந்தது. கறுப்பினத்தார் அப்போட்டியில் ஆடலாகாது என்பது விதி. வூடன் அழைப்பை மறுத்தார், அணி போகவில்லை. அவ்வணியில் வோக்கர் முதன்மை ஆட்டக்காரரல்லர் என்பதைக் கருதுக. அவரை விட்டுச் சென்றிருப்பினும் அணியின் வலி பெரிதுங் குன்றியிராது. மறு ஆண்டு, பிறருடைய எதிர்ப்பின் பயனாய் அவ்விதி தளர்ந்தது. கறுப்பினத்தார் ஆடலாம், ஆயின் வெள்ளையரோடு அவ்விடுதியிலே தங்கலாகாது என்றனர். வூடன் அதனையும் மறுக்கவே எண்ணினார். வோக்கரின் குடும்பத்தாரும் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தாருமே, ஒருவனாவது உள்ளே நுழையட்டும் என்று அவரை இணங்கச் செய்தனர். வோக்கர் கறுப்பினப் போதகர் ஒருவர் இல்லத்தில் இரவைக் கழித்துப் பகலில் அணியோடு ஆடினார். அப்போட்டியில் ஆடிய முதற் கறுப்பினத்தார் அவரே. அணி இறுதியாட்டத்திலே தோற்றது.

இதனைப் படித்த இரவு யான் உறங்கவில்லை. காரணத்தைச் சொல்லாதுவிடின் இக்கட்டுரை எழுதத் தகுதியற்றவனாவேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளியூர்ப் போட்டியொன்றுக்குப் பத்து மாணவரை அழைத்துச் செல்லவிருந்தேன். இரவு தங்க இடந்தர இசைந்திருந்த ஒரு வீட்டார், பிள்ளைகளின் பெயரையும் இருப்பிடத்தையும் கேட்டனர். ஒருவனுடைய குறிச்சியின் பெயரைக் கேட்டதும் பேச்சை நிறுத்திப் பின், "மாஸ்ரர், ஒன்பது பேருக்குத்தான் பாய் இருக்கு" என்றனர். எனக்கு விளங்கிற்று. வேறிடந் தேடப் பொழுதில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அவனை அழைத்து, "தம்பி, நீ அடுத்த முறை வா" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. "சரி சேர்" என்று மட்டுஞ் சொன்னான். ஒன்பதின்மருடன் சென்று இரண்டாம் இடம் பெற்றுத் திரும்பினோம். காலைக் கூட்டத்தில் கைதட்டினர். அவன் அதன்பின் மைதானத்துக்கு வரவில்லை. யானும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் மண்டபத்திலோ பேருந்திலோ பத்துப் பேரும் படுத்திருக்கலாம் என்பது எனக்கு இப்பொழுது தோன்றுகின்றது; அப்பொழுது தோன்றவில்லை. வூடனுக்கு முப்பத்தாறு வயதில் தோன்றியது.

1948 ஆம் ஆண்டு இரு பல்கலைக்கழகங்கள் அவரை விரும்பின. அவர் மனம் நாடியது தம் ஊருக்கு அண்மையிலுள்ள மினசோற்றாவை. அவர்கள் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கவில்லை. பனிப்புயலால் கம்பிகள் அறுந்திருந்தமை பின்னர்தான் தெரிந்தது. இடையிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் அழைக்க, அவர்க்கு இசைவு கொடுத்துவிட்டார். சிறிது நேரத்தில் மினசோற்றாவின் அழைப்பும் வந்தது. கொடுத்த சொல்லை மாற்ற இயலாதென்று கூறி, விருப்பமில்லாத ஊருக்கே குடிபோனார்.

அங்கே கிடைத்தது பழைய மண்டபமொன்றின் மேல்மாடி. ஒருபுறம் மல்யுத்தர், மறுபுறம் சீருடற் பயிற்சியாளர், நடுவிற் கூடைப்பந்து. நாடோறும் பயிற்சிக்கு முன் வூடன் தாமே துடைப்பமெடுத்துத் தளத்தின் தூசியைத் துடைப்பார். பதினேழாண்டுக் காலம் இந்நிலை. புதிய அரங்கு 1965 இலேதான் எழுந்தது. அங்கு சேர்ந்தபின் முதற் தேசியப் பட்டம் வெல்ல அவர்க்குச் சென்றவை பதினாறாண்டுகள். நம் காலத்துப் பழைய மாணவர் சங்கம் ஒன்று அப்பயிற்றுநரைப் பதினாறாண்டு பொறுத்திருக்குமா என்பதை அன்பர்களே தம்முட் கேட்டுப் பார்ப்பாராக.

அக்காலத்து அப்பல்கலைக்கழக மைதானத்தில் நம்மவர் ஒருவரும் இருந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ண் ஒலிம்பிக் விழாக்களில் உயரம் பாய்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1950களின் பிற்பகுதியில் அங்கு கற்றார். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியப் பொற்பதக்கம் ஈட்டியவர் அவரே. அங்கு மெய்வல்லுநர்க்குப் பயிற்றுநராயிருந்த டக்கி ட்றேக் என்பவர், வூடனின் கூடைப்பந்தணிக்கு உடல்நலங் காப்பவராகவுங் கடமையாற்றினார். 1960 ரோம் ஒலிம்பிக்கிற் பத்து நிகழ்ச்சிப் போட்டியை வென்ற றேபர் ஜோன்சன், வூடனிடம் கூடைப்பந்தும் ஆடியவர். எதிர்வீரசிங்கம் பின்னர்க் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளிற் கற்பித்து, 2024 இல் மறைந்தார். மணற் பள்ளத்திற் பாய்ந்து பழகிய யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் அதே வளாகத்தில் நடமாடினார் என்பது, வூடனை எனக்கு இன்னும் சிறிது அண்மையிற் கொணர்கின்றது.

வெற்றிகளை விரைந்து சொல்லிவிடலாம். 1964 தொடக்கம் 1975 வரையான பன்னீராண்டில் பத்துத் தேசியப் பட்டங்கள். அவற்றுள் 1967 முதல் 1973 வரை இடையறாது ஏழு. 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 ஆட்டங்களில் வெற்றி. பிற்காலத்திற் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர்பெற்ற லியூ அல்சின்டரும் பில் வோல்ற்றனும் அவர் வளர்த்த நெடியோர். எனக்கு உவப்பானது நெடியோர் எவருமில்லாத 1964 ஆம் ஆண்டு அணியே. அறுஅடி ஐந்தங்குலத்துக்கு மேற்பட்டோர் முதல் ஐவரில் ஒருவருமின்றி, தளம் முழுதும் எதிரணியை நெருக்கி, முப்பது ஆட்டங்களில் முப்பதையும் வென்றது அது. நம் கல்லூரிப் பிள்ளைகளின் உயரத்துக்கு உகந்த பாடம் அங்கேதான் உளது.

இனி அவர் கற்பித்த முறைக்கு வருவோம். ஆண்டுதோறும் முதல்நாட் பயிற்சியில், நாடறிந்த வீரரையும் அமர்த்தி, காலுறை அணிவது எப்படி என்று கற்பிப்பார். விரலிடத்தும் குதிக்கண்ணும் சுருக்கமின்றி நீவி, சப்பாத்தின் கயிற்றைக் கண்ணுக்குக் கண் இறுக்கிக் கட்டச் செய்வார். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் ஆட்டத்தைக் கெடுக்கும். எழுத்திலக்கணத்திற் தொடங்காது அணியிலக்கணத்துக்குத் தாவும் மாணவனை நாம் மறித்து நிறுத்துவதும் இதுபோன்றதே. எம் பிள்ளைகளுட் சிலர் வெறுங்காலோடு ஆடிய காலமும் உண்டு. அவர்க்கு யான் இப்பாடத்தை உள்ளங்காலின் முள் பார்த்தலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டு மணிநேரப் பயிற்சிக்கு ஏறக்குறைய இரண்டு மணிநேரம் ஆயத்தஞ் செய்வார். இன்ன நிமிடத்தில் இன்னது என்று சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பழைய ஆண்டுக் குறிப்பேடுகளைப் பேணி ஒப்புநோக்குவார். விளக்குதல், செய்துகாட்டல், செய்யச்செய்தல், திருத்தல், அதன்பின் மீட்டல், மீட்டல், மீட்டல் என்பதே அவர் வைத்த ஒழுங்கு. ஒரு நூலை ஒருமுறை கேட்டாற் போதாது, இருமுறை கேட்கப் பிழை குறையும், மும்முறை கேட்கச் சொல்லவும் வரும் என்னுங் கருத்தை நன்னூலின் பாயிரத்திற் பவணந்தி முனிவர் எப்பொழுதோ வைத்துவிட்டார். கேட்டற்கு அவர் சொன்னதை ஓடுதற்கும் எறிதற்கும் இவர் பொருத்தினார் எனலாம்.

1974, 1975 ஆம் ஆண்டுகளின் ஆட்டப் பருவத்தில் ரொலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்னும் உளவியலாளர் இருவர் அவர் பயிற்சிகளில் அமர்ந்து, அவர் வாய்ச்சொற்களை வகைபிரித்து எண்ணினர். 2,326 கற்பித்தற் செயல்களைப் பதிவு செய்தனர். பெரும்பயிற்றுநர் ஒருவர் மிகுதியும் ஊக்குவார் அல்லது மிகுதியும் ஏசுவார் என்றே எவரும் எண்ணுவர். கண்டது வேறு. ஏறத்தாழ முக்காற்பங்கு, எதை எப்படிச் செய்க என்னுஞ் செய்தி. பாராட்டு நூற்றுக்கு ஏழளவே. பிழை கண்டால் ஆட்டத்தை நிறுத்தி, செய்யவேண்டிய முறையைக் காட்டுவார். மாணவன் செய்த முறையைக் காட்டுவார். மீண்டும் சரியானதைக் காட்டுவார். சில விநாடியில் எல்லாம் முடியும்; ஆட்டந் தொடரும். இவ்வாய்வைப் படித்தபின் ஒருவாரம் என் பாடங்களில் யான் பேசியவற்றைப் பின்வரிசை மாணவன் ஒருவனைக் கொண்டு இரகசியமாய்க் குறிக்கச் செய்தேன். அப்புள்ளிவிவரத்தை இங்கே வெளியிடப் போவதில்லை. "கவனி" என்னுஞ் சொல்லை ஒரு பாடவேளையிற் பத்தொன்பது முறை சொன்னேன் என்று மட்டும் ஒப்புக்கொள்வேன். எதனைக் கவனிக்கவேண்டும் என்று நான்கு முறையே சொன்னேனாம்.

வூடன் குற்றமற்ற முனிவரல்லர். தகாத சொல் பேசாதவர் என்று புகழப்பட்ட அவரே, ஆட்டநிரலைக் குழாய்போற் சுருட்டி வாயில் வைத்து, நடுவரையும் எதிரணி ஆட்டக்காரரையும் குத்திப் பேசுவாராம். இதனினும் பெரிதொன்று உண்டு. அவர் அணியின் வீரர்க்குச் செல்வர் ஒருவர் விதிக்கு மாறாகச் சலுகைகள் அளித்துவந்தமை பின்னர் வெளிப்பட்டது. அவர் ஓய்வுபெற்ற பின், 1981 இல், பல்கலைக்கழக அணி தண்டிக்கப்பட்டது. வூடன் அதனில் ஒரு சதமேனும் பெற்றவரல்லர். ஓய்வுபெறும்பொழுதும் அவர் ஆண்டுச் சம்பளம் 32,500 டொலரே. ஆயினும் காலுறையின் சுருக்கத்தைக் கண்ட கண்ணுக்கு மாணவர் உடுத்த புத்தாடையின் விலை தெரியாதிருந்ததா என்னும் வினா எழாமலிராது. அறியாதிருந்தார் என்போரும் உளர். அறிய விரும்பாதிருந்தார் என்போரும் உளர். பின்னையோர் கூற்றே எனக்குப் பொருத்தமாய்த் தோன்றுகின்றது. பாய் ஒன்பதுதான் என்பதைக் கேட்டு விளங்கியும் விளங்காதவன்போல் நின்றவன் யான். அந்நிலை எத்தகையதென அறிவேன்.

1975 இல் பத்தாம் பட்டத்தோடு ஓய்வுபெற்றார். கூடைப்பந்தின் புகழ்மண்டபத்திலே 1960 இல் ஆட்டக்காரராகவும் 1973 இல் பயிற்றுநராகவும் ஏற்கப்பட்டமையின், இரு வகையாலும் அங்கு இடம்பெற்ற முதல்வர் அவரே. மனைவி நெல் 1985 மார்ச் 21 ஆந் திகதி இறந்தார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் 21 ஆந் திகதி அவருக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் தலையணைமேல் வைத்துவந்தார் முதியவர். தம்மை எவ்வாறு அழைக்கவேண்டும் என்று கேட்டவர்க்கு ஆசிரியர் என்பதையே விரும்பிச் சொன்னார். 2010 யூன் 4 ஆந் திகதி, நூறாண்டு நிறையச் சில மாதங்கள் இருக்கையில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மறைந்தார்.

அவர்போல் யானும் இப்பொழுது அட்டையில் எழுதுகின்றேன். மாலை நான்கு மணிக்குச் சோளகம் வீசும் மாதங்களில், பந்து கையைவிட்டு எங்கே போகுமென்று எந்த அட்டையும் சொல்வதில்லை. ஆதலின் காற்று மாதங்களில் எறிதலைக் குறைத்துத் தட்டிச் செல்லலை மிகுத்து வைத்துள்ளேன். தளத்தைப் பெருக்கும் முறையை வகுப்புவாரியாகப் பிரித்து, திங்கட்கிழமையை எனக்கு வைத்துக்கொண்டேன். வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு வேண்டிய பாய்கள் பன்னிரண்டு கல்லூரிக் களஞ்சிய அறையில் இருக்கின்றன. பழைய மாணவர் ஒருவர் காரணங் கேளாது வாங்கித் தந்தார். கிழக்குப்புறத்துக் கூடையின் இரும்பு வளையம் மட்டும் கடற்காற்றின் உப்பால் அரித்து ஒருபக்கம் சாய்ந்து நிற்கின்றது. ஒட்டு வேலை தெரிந்த பழைய மாணவர் எவரேனும் விழாவுக்கு வருங்கால் அரைமணிநேரம் ஒதுக்குவாராயின், ஏணியை யான் பிடித்துக்கொள்வேன்.